தூளி நடந்த தூரம்

1

காலை எட்டு மணி பதினேழு நிமிடம். நான் முதலில் பார்த்தது, வடிதாளின் மேல் கிடந்த என் தொடைச் சதையை. ஊறவைத்த ஒரு புழுங்கலரிசி அளவுதான் இருந்தது. கழுவாத ஆட்டுக்கறியின் நிறம். இளம் மருத்துவர் அதை இடுக்கியால் எடுத்து, வெள்ளைப் புகை வழிந்துகொண்டிருந்த குடுவைக்குள் போட்டார். உள்ளே திரவ நைட்ரஜன். சுண்ணாம்புக் கல்லில் தண்ணீர் தெளித்தது போல் ஒரு சத்தம் வந்து அடங்கியது.

வலித்ததா என்று கேட்டார். வலிக்கவில்லை, யாரோ உள்ளேயிருந்து துணியைப் பிடித்து இழுத்த மாதிரி இருந்தது என்றேன். பிரெஞ்சில் துணிக்கும் உடலின் திசுவுக்கும் ஒரே சொல். "அதைத்தானே செய்தேன்" என்று சொல்லிச் சிரித்தார். நான் சொன்னது துணியை என்று விளக்க இருபத்திரண்டு வருடத்துப் பிரெஞ்சு போதும். ஆனால் விளக்கவில்லை.

சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். என் ஊர் பாகூரில் இப்போது மதியம் பன்னிரண்டே முக்கால். இந்தக் கூட்டல் நான் நினைக்காமலேயே நடந்துவிடுகிறது. குளிர்காலத்தில் நாலரை மணி நேரம், கோடையில் மூன்றரை.

நான் வேலை பார்ப்பது பாரீசுக்கு வடக்கே ஒரு சிற்றூரின் நகராட்சி நூலகத்தில். வாசலில் உட்கார்ந்திருப்பதுதான் வேலை. அந்த வாசலிலேயே ஒட்டியிருந்த அறிவிப்பைப் பார்த்துத்தான் இந்த ஆய்வுக்குப் பெயர் கொடுத்தேன். ஐம்பது வயதைக் கடந்த, உடற்பயிற்சி செய்யாத, குடும்பத்தில் சர்க்கரை நோய் உள்ள ஆண்கள் தேவை என்று அதில் இருந்தது. மூன்றும் பொருந்தின.

ஆய்வு எளிமையானது. உட்கார்ந்தபடி ஒரு மணி நேரம் வலது காலால் மட்டும் ஓர் இயந்திரத்தை உதைக்க வேண்டும். இடது கால் ஒரு மெத்தை முக்காலியில் சும்மா இருக்கும். தொடங்கும் முன் இரண்டு தொடையிலிருந்தும் ஒவ்வோர் அரிசி. முடிந்ததும் இன்னும் ஒவ்வோர் அரிசி.

2

அதற்கு முன் படிவங்கள். பதினாறு பக்கம். இந்த நாட்டில் ஒருவர் உங்கள் தொடையில் ஊசி போடுவதற்கு நீங்கள் எட்டு இடத்தில் கையெழுத்துப் போட வேண்டும்.

பன்னிரண்டாம் பக்கத்தில் குடும்ப விவரம். உடன்பிறந்தோர்: ஒரு தம்பி. சர்க்கரை நோய்: ஆம். உறுப்பு அகற்றப்பட்டதா: ஆம். அதற்குக் கீழே நான்கு கட்டங்கள் இருந்தன. விரல், பாதம், முழங்காலுக்குக் கீழ், முழங்காலுக்கு மேல்.

போன ஆகஸ்டில் தம்பி மனைவி செல்வி தொலைபேசியில் சொன்னது நாலே வார்த்தை. "மாமா, அவருக்கு கால எடுத்துட்டாங்க." நம் மொழியில் விரல் நுனியிலிருந்து இடுப்பு வரைக்கும் கால்தான். நூலக வாசலில் நின்றுகொண்டு, அழுகிற ஒரு பெண்ணிடம் "எதுவரைக்கும்?" என்று கேட்டேன். அவள் முதலில் புரிந்துகொள்ளவில்லை. மறுபடியும் கேட்டேன். "முட்டிக்குக் கீழ மாமா. வலது கால்" என்றாள்.

மூன்றாவது கட்டத்தில் குறியிட்டேன்.

3

என் தம்பி ஏழுமலை என்னைவிட ஆறு வயது சின்னவன். ஏம்பலம் பக்கம் எங்களுக்குள்ள நிலத்தில் நெல்லும் கரும்பும் வைக்கிறான். வீடு பாகூரில். நிலத்துக்குப் போவது வண்டியில், வரப்பில் நிற்பது, ஆட்களை அதட்டுவது, வண்டியில் திரும்புவது. சர்க்கரை இருக்கிறது என்று தெரிந்தபோது அவனுக்கு நாற்பத்தேழு வயது.

தினமும் நட என்று சொன்னேன். பாகூர் ஏரிக்கரையைப் போல நடக்கத் தோதான இடம் வேறு எங்கே இருக்கிறது? அதற்கு அவன் சொன்ன பதில்: "கரையில நடக்கிறவன்லாம் சுகர் பார்ட்டின்னு ஊருக்கே தெரியும்ண்ணா. பொண்ணு கல்யாணத்த வச்சிக்கினு நானும் ஷூ மாட்டிக்கினு போவட்டுமா?"

அதில் நியாயம் இருந்தது. மகள் பவானிக்குத் தவளக்குப்பத்தில் சம்பந்தம் முடியும் வரை காத்திருந்தேன். கல்யாணம் முடிந்த மறுவாரம் என் மகள் இலக்கியா, காணொளியில் அவனுக்குச் சொல்லிக்கொடுத்து, அவன் கைபேசியில் அடி எண்ணும் செயலியைப் போட வைத்தாள். தினமும் எட்டாயிரம் அடி. எண் தெரிகிற திரையைப் படம் பிடித்து எனக்கு அனுப்ப வேண்டும். நான் வேலைக்குக் கிளம்பும்போது அது வந்திருக்கும். ஒரு கட்டைவிரல் படத்தைப் பதிலுக்குப் போடுவேன். ஏழாயிரத்துக்குக் கீழே போனால் மட்டும் ஏன் என்று கேட்பேன்.

இலக்கியா தெற்கே ஒரு நகரத்தில் பிசியோதெரபி படிக்கிறாள். இங்கே பிறந்தவள். என்னிடம் பிரெஞ்சு பேசுவாள். சித்தப்பாவிடம் மட்டும் தமிழ், அதுவும் அவனிடம் கற்றுக்கொண்ட தமிழ். "இன்னா சித்தப்பா, சாப்ட்டியா?" என்று அவள் கேட்கும்போது பாகூர் கடைத்தெருவில் நிற்கிற மாதிரி இருக்கும். என்னைக் கூப்பிடுவது பிரெஞ்சுப் பிள்ளைகள் கூப்பிடுகிறபடி 'பப்பா' என்று. ஏழுமலைக்கு இது பெரிய வேடிக்கை. "உன் பொண்ணு உன்னப் பாப்பாங்குதே. பால் குடுத்தாச்சான்னு கேளு" என்பான். ஒவ்வொரு முறையும் இரண்டு பேரும் சிரிப்பார்கள்.

அவள் என்னிடமிருந்து விலகிப் போகிறாள் என்பது எனக்குத் தெரிந்திருந்தது. யார் பக்கமாகப் போகிறாள் என்பது தெரியவில்லை.

4

ஒன்பது வருடம் ஒரு தமிழ் நாளிதழுக்குப் பாகூர் கொம்யூன் பஞ்சாயத்து வட்டார நிருபராக இருந்தவன் நான். தவளக்குப்பம் சந்திப்பில் விபத்து என்றால், போலீஸ்காரர் சொன்ன எண்ணை அப்படியே எழுதி அனுப்ப மாட்டேன். ஆஸ்பத்திரிக்குப் போய்க் கட்டில் கட்டிலாக எண்ணிய பிறகுதான் அலுவலகத்துக்குத் தொலைபேசியை எடுப்பேன். அந்தப் பழக்கத்தை விமானத்தில் ஏறும்போது விட்டுவிட்டேன் போலிருக்கிறது.

ஏழுமலையின் எண்கள் இப்படி இருந்தன. முதல் ஒன்றரை வருடம் ஏழாயிரத்து எண்ணூறு, எட்டாயிரத்து நூறு, எட்டாயிரத்து முந்நூறு. பிறகு ஒரு நாள் இரண்டாயிரத்துக்கு விழுந்தது. கேட்டேன். கரும்பு வெட்டு நடக்கிறது, நேரமில்லை என்றான். அந்த மாதமே பவானி தலைப்பிரசவத்துக்குத் தாய் வீட்டுக்கு வந்தாள். குழந்தை பிறந்தது. எண் ஒன்பதாயிரம், பத்தாயிரம் என்று ஏறியது. தாத்தாவான தெம்பு என்று நினைத்துக்கொண்டேன். விடாமல் மழை பெய்து, கரையில் யாரும் கால் வைக்க முடியாத ஒரு நாளில் ஒன்பதாயிரத்து நானூறு. குழந்தைக்குக் காய்ச்சல் என்று செல்வி சொன்ன நாளில் பதின்மூன்றாயிரம். மருந்துக்கடைக்கு அலைந்திருப்பான் என்று நானே ஒரு காரணம் எழுதிக்கொண்டேன்.

ஐந்தாம் மாதம், எங்கள் பக்கத்து வழக்கப்படி, மாமியார் வீட்டார் வந்து பவானியையும் குழந்தையையும் அழைத்துப் போனார்கள். மறுநாள் எண்: நானூற்றுப் பன்னிரண்டு.

அவனைக் கூப்பிட்டு, பிரிவு கஷ்டம்தான், அதற்காக நடையை விடாதே என்றேன். "ஆமாண்ணா, வூடே வெறிச்சின்னு கெடக்குது" என்றான். அது உண்மை. அவன் சொன்ன எதுவுமே முழுப் பொய் இல்லை என்பதைப் பிறகு சரிபார்த்தேன்.

அந்த வாரம் இலக்கியா விடுமுறைக்கு வந்திருந்தாள். சமையலறை மேசையில் கிடந்த அவள் கைபேசியின் திரை விளக்கு எரிந்தது. சித்தப்பாவுக்கு ஆங்கில எழுத்துகளில் தமிழில் எழுதியிருந்தாள். "பாப்பாவுக்கு ஒண்ணும் தெரியாது, கவலப்படாத."

நின்று படித்தேன். தமிழில் எழுதுகிறாளே என்று சந்தோஷமாக இருந்தது. பச்சைக் குழந்தைக்குப் பிரிவு தெரியாது என்று தாத்தாவைத் தேற்றுகிறாள். என்ன பக்குவம் என்று நினைத்து, அன்று மாலை என் மனைவியிடமும் சொன்னேன். அவள் பாத்திரம் துடைத்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்க்காமல் அடுத்த தட்டை எடுத்தாள்.

பிரெஞ்சில் அப்பாவுக்கு நான்கு எழுத்து. நம் 'பாப்பா'வை ஆங்கில எழுத்தில் எழுதினாலும் அதே நான்கு எழுத்துதான்.

5

அறுவை முடிந்த எட்டாம் நாள் பாகூர் போய்ச் சேர்ந்தேன். ஏழுமலை முன்னறையில் கட்டிலில் தூங்கிக்கொண்டிருந்தான். உள்ளறை உத்தரத்தில் தூளி இன்னும் தொங்கியது. குழந்தை போய் இரண்டு மாதமாகியும் அவிழ்க்கவில்லை. செல்வியின் பழைய நூல் புடவை. அதன் அடிப்புறத்தில், வெளிப்பக்கமாக, வேறொரு துணியில் ஒரு பை வைத்துத் தைத்திருந்தது. நாலு விரல் அகலம், ஒரு சாண் நீளம்.

இது எதற்கு என்று செல்வியிடம் கேட்டேன். அவள் ஒளிக்கவில்லை. எனக்குத் தெரியும் என்றே நினைத்திருக்கிறாள்.

"அது ஒங்க தம்பி போன் வெக்கிறதுக்கு மாமா. தூளிய ஆட்டுனா நடந்த மாதிரி ஏறிக்கிதாம். நான்தான் தச்சிக் குடுத்தேன். இலக்கியாகிட்ட காட்டுனோம், அது வுழுந்து வுழுந்து சிரிச்சிது."

ஒரு வார்த்தையில் என் மகளும் வந்துவிட்டாள். மேசையில் பார்த்த அந்த வரி நினைவுக்கு வந்தது. இந்த முறை சரியாகப் படித்தேன்.

ஏழுமலை எழுந்ததும் கேட்டேன். எத்தனை நாளாக என்பது முதல் கேள்வி. குழந்தை பிறந்ததிலிருந்து என்றான். கரும்பு வெட்டும்போது கட்டை செருப்பைத் துளைத்துக்கொண்டு பெருவிரலடியில் குத்தியிருக்கிறது. வலிக்கவே இல்லை. வலிக்காததால் அதைப் புண் என்றே அவன் நினைக்கவில்லை. ஒரு மாதம் கழித்துத்தான் செருப்பில் ஈரம் இருப்பதைப் பார்த்திருக்கிறான்.

"என்கிட்ட ஏன்டா சொல்லல?"

அவன் போர்வையைச் சரிசெய்தான். வலது பக்கம் போர்வை பாதியிலேயே தட்டையாகிவிட்டது.

"நீ நம்பர்தானண்ணா கேட்ட. ரெண்டு வருசமா தெனம் கேட்ட. கால் எப்டி கீதுன்னு ஒரு நாளு கேட்டியா?"

செல்வி அடுப்படிக்குப் போய்விட்டாள்.  கேள்வியில் தவறில்லை. ஆனால் ஐந்து மாதம், ஒவ்வொரு காலையும், ஒருவன் தன் பேத்தியின் தூளியிலிருந்து கைபேசியை எடுத்துப் படம் பிடித்து அண்ணனுக்கு அனுப்பியிருக்கிறான். நான் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டியிருக்கிறேன். அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அன்று மாலை இலக்கியாவைக் கூப்பிட்டேன். அழுதாள். பிரெஞ்சில் தொடங்கி, பிறகு அவளாகவே தமிழுக்கு மாறினாள். "பப்பா, புண்ணோட நடக்கக் கூடாதுன்னு நான்தான் சொன்னேன். உன்கிட்ட சொன்னா நீ திட்டி நடக்க வெப்பேன்னு சித்தப்பா பயந்துச்சு. ஆஸ்பத்திரி போன்னு தெனம் சொன்னேன். போய்ட்டேன், கட்டு கட்டிட்டாங்கன்னு சொல்லிச்சு."

அவன் ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை. கட்டியது செல்வி, வீட்டிலேயே. உன்னையும் ஏமாற்றியிருக்கிறான் என்று இலக்கியாவிடம் சொன்னேன்.  பிறகு, "ஆனா எனக்கு வெரல காட்டுச்சு" என்றாள். அவளுக்குக் காட்டியிருக்கிறான்.

மனைவிக்கு எவ்வளவு தெரியும் என்று நான் இன்றுவரை கேட்கவில்லை.

ஊரில் பத்து நாள் இருந்துவிட்டுத் திரும்பி வந்தேன். அதன்பின் நான்கு மாதம் ஏழுமலையிடம் பேசவில்லை. தேவைக்குச் செல்வியைக் கூப்பிடுவேன்.

6

உதைக்கத் தொடங்குவதற்கு முன், இதெல்லாம் எதற்காக என்று மருத்துவரிடம் கேட்டேன். படிவத்தின் பின்பக்கத்தில் ஒரு படம் போட்டுக் காட்டினார்.

தசைக்குள் ஒரு நொதி இருக்கிறது. அதன் வேலை எரிபொருள் குறைவதைக் கவனிப்பது. தசை சுருங்கும்போதெல்லாம் கைவசமுள்ள சக்தி செலவாகும், செலவானதன் சக்கை சேரும். அந்தச் சக்கை போய் நொதியில் ஒட்டிக்கொள்ளும். உடனே அது விழித்துக்கொண்டு கட்டளை போடும். சேமிப்பை நிறுத்து, கொழுப்பை எரி, இரத்தத்திலுள்ள சர்க்கரையை உள்ளே விடு. இன்சுலின் வந்து கதவைத் தட்டும் வரைக்கும் காத்திருக்காது. சர்க்கரை நோயாளியின் உடம்பில் இன்சுலினுக்குத் திறக்காத கதவுகூட உழைப்புக்குத் திறக்கும் என்றார்.

மெதுவாக ஆட்டினால் போதுமா?

போதாது. லேசான அசைவை அது பெரிதாகக் கண்டுகொள்வதில்லை. மூச்சு வாங்க வேண்டும், தசை தடுமாற வேண்டும்.

அதை ஏமாற்ற முடியுமா என்று கேட்டேன். அவர் யோசித்தார். சில மாத்திரைகள் கொஞ்சம் தட்டி எழுப்பும் என்றார். பிறகு சொன்னது: "ஆனால் அதற்கு எண்ணத் தெரியாது. மிச்சமிருப்பது எவ்வளவு என்பது மட்டும்தான் தெரியும்."

உதைத்தேன். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை சுமையைக் கூட்டினார். நாற்பதாவது நிமிடத்தில் வலது தொடை தானாக நடுங்கியது. சட்டைக் காலர் நனைந்துவிட்டது. இடது கால் மெத்தை முக்காலியில், காலுறை கலையாமல் இருந்தது.

இந்தக் காலுக்கு எதுவும் தெரியாதா என்று கேட்டேன்.

"அநேகமாகத் தெரியாது. ஒரே இதயம், ஒரே இரத்தம். ஆனால் நொதி விழிப்பது உழைத்த காலில்தான்."

ஒன்பது ஐம்பதுக்கு மூன்றாவது அரிசியும் நான்காவது அரிசியும் குடுவைக்குள் போயின. என் முடிவுகளை எனக்குத் தருவார்களா என்று கேட்டேன். தனிநபர் முடிவு தருவதில்லை, பதினொன்றாம் பக்கத்தில் அதற்கு நான் கையெழுத்துப் போட்டிருக்கிறேன் என்று காட்டினார். போட்டிருந்தேன்.

7

மூன்று வாரத்துக்கு முன்னால் ஏழுமலையின் எண்கள் மறுபடி வரத் தொடங்கின. நான் கேட்கவில்லை. பொய்க்கால் இன்னும் தயாராகவில்லை. அதுவரை கைப்பிடிச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்குள்ளேயே நடக்கச் சொல்லியிருக்கிறார்கள் என்று செல்வி சொன்னாள். இருக்கிற ஒரு காலை ராத்திரியும் பகலும் பார்த்துக்கொள்ள வேண்டும், அதிலும் ஒரு புண் வந்தால் எங்களால் ஒன்றும் செய்ய முடியாது என்று மருத்துவர் சொன்னதையும் சொன்னாள்.

எண்கள் சின்னவை. முப்பத்தெட்டு. நாற்பத்தொன்று. முப்பத்தைந்து. ஐம்பத்திரண்டு. ஒரு நாள் பத்தொன்பது. நான் பதில் போடவில்லை. ஆனால் நூலக வாசலில் உட்கார்ந்து அந்தப் படங்களைப் பெரிதாக்கிப் பார்த்தேன். ஏற்ற இறக்கம் நம்பும்படி இருந்தது. கைப்பிடிச் சட்டத்தோடு ஒருவன் முன்னறையிலிருந்து அடுப்படிக்குப் போய்த் திரும்பினால் எத்தனை அடி என்று எனக்குத் தெரியும். அது நான் பிறந்த வீடு. என் வீட்டுக் கூடத்தில் அந்தத் தூரத்தை அளந்து, ஒற்றைக் காலில் நொண்டி எண்ணிப் பார்த்தேன். இருபத்திரண்டு. இரண்டு நடை என்றால் நாற்பத்து நான்கு. கட்டில் கட்டிலாக எண்ணிய மாதிரிதான்.

இன்று இரண்டு தொடையிலும் கட்டோடு, ஆய்வகத்தின் ஓய்வறையில் உட்கார்ந்திருந்தபோது, நான்கு மாதத்தில் முதல் தடவையாக அவனுக்கு எழுதினேன். நம்பர் வேண்டாம், இடது பாதத்தின் அடியைப் படம் பிடித்து அனுப்பு, விரல் இடுக்கும் தெரிய வேண்டும் என்று எழுதினேன். இரண்டு நீலக் குறி விழுந்தது. படித்துவிட்டான்.

அவர்கள் ஓர் ஆரஞ்சுச் சாறும் ரொட்டியும் கொடுத்தார்கள். இலக்கியாவிடமிருந்து ஒரு செய்தி வந்தது. நாளை குழந்தைக்கு முதல் பிறந்தநாள், மறந்துவிடாதே என்று பிரெஞ்சில் எழுதி, கீழே 'பாப்பாவுக்கு' என்று ஒரு தமிழ்ச் சொல்லை ஆங்கில எழுத்தில் சேர்த்திருந்தாள். யாருக்கு என்று கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பத்து நாற்பதுக்கு ஏழுமலையிடமிருந்து படம் வந்தது. பாதம் இல்லை. எண்: முந்நூற்றுப் பத்து. கீழே, "இன்னிக்கு நல்லா நடந்தேன்ண்ணா" என்று இருந்தது.

செல்வியைக் கூப்பிட்டேன். பிறந்தநாள் வேலையாக இருந்தாள். பேச நேரமில்லை, அப்புறம் கூப்பிடுகிறேன் என்று சொல்லி வைத்துவிட்டாள். பின்னால் ஒரு குழந்தை அழுதுகொண்டிருந்தது.

பவானி நேற்று மாலையே தவளக்குப்பத்திலிருந்து பிள்ளையோடு வந்துவிட்டாள்.